பொன் துணிக்கையும் பூஞ்சண நஞ்சும்



மஸ்கெலியாவிலே தென்மேற் பருவக்காற்றுத் தொடங்கிவிட்டால் வெயிலின் முகத்தைக் காண்பது அரிது. சிவனொளிபாத மலையை முகில் மூடிக்கொள்ளும். மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின்மேல் எழுகின்ற பனிமூட்டம் லயன்களின் வாசல்வரை வந்து படியும். அந்நாட்களில் அலுமாரியில் வைத்த புத்தகத்தின் அட்டையிலும், தோற் செருப்பிலும், மூலையிற் சாத்திய அரிசி மூடையின் அடியிலும் வெண்மையாகவோ பச்சையாகவோ ஒரு படிவு தோன்றக் காண்கிறோம். அதனையே பூஞ்சணம் என்கிறோம். புத்தகத்தையும் செருப்பையும் துணியால் துடைத்துவிடுகிறோம். உணவுப் பண்டத்திலே தோன்றினாலோ, அவ்விடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு எஞ்சியதை உண்கிறோம். உண்ண மனம் ஒப்பாவிடின் கோழிக்கோ பசுவுக்கோ இடுகிறோம். வறிய குடும்பத்தில் ஒரு பிடி மாவும் வீணாகலாகாது என்பது நியாயமான எண்ணமே. ஆயினும் பூஞ்சணங்களுட் சில, கண்ணுக்குத் தெரியாத கொடிய நஞ்சைச் சுரப்பன. அந்நஞ்சைக் கண்டறிவதற்குப் பொன்னின் நுண்ணிய துணிக்கைகள் இன்று எங்ஙனம் துணை செய்கின்றன என்பதையும், அக்கருவி எவருடைய கையில் இருத்தல் வேண்டும் என்பதையும் குறித்துச் சிறிது பேச விழைகின்றேன். நான் கலைப் பட்டதாரி, விஞ்ஞானம் கற்பித்தவனல்லன். ஆதலின், எனக்கு விளங்கிய அளவிலே எளிய சொற்களிற் கூறுவேன்.

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களுக்குள் மடிந்தன. நோய் யாதென எவராலும் சொல்ல இயலவில்லை. பெயர் வைக்கவும் வழியின்றி, ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்றே குறித்தனர். தொற்று நோயோ என்று தேடினர், அதுவன்று. முடிவிலே, பறவைகளுக்கு இட்ட தீனியில் கலந்திருந்த, பிரேசில் நாட்டிலிருந்து வந்த கச்சான் புண்ணாக்கின்மீது ஐயம் விழுந்தது. அப்புண்ணாக்கிலே ‘அஸ்பெர்ஜிலஸ் பிளேவஸ்’ என்னும் பூஞ்சணம் வளர்ந்திருந்ததும், அது சுரந்த நஞ்சே பறவைகளின் ஈரலைச் சிதைத்ததும் தெளிவாயின. பூஞ்சணத்தின் பெயரிலிருந்தே நஞ்சுக்கும் ‘அஃபிளாடொக்சின்’ என்று பெயர் அமைந்தது. கழியூதாக் கதிரிலே இந்நஞ்சின் ஒரு வகை நீலமாகவும் மற்றொரு வகை பச்சையாகவும் ஒளிரும். அவ்வொளியின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்தைக் கொண்டே பி என்றும் ஜி என்றும் வகுத்தனர். இவற்றுட் கொடியது பி1 என்பது. 1987ஆம் ஆண்டிலே உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம், அஃபிளாடொக்சினை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது ஐயமற நிறுவப்பட்ட பொருள்களின் வரிசையிலே சேர்த்தது. ஈரலிலே மஞ்சட் காமாலைக் கிருமியான பி வகை வைரசும் குடியிருந்தால் ஆபத்து இன்னும் பன்மடங்காகும் என்பர்.

இந்நஞ்சைப் பற்றி மக்கள் மனத்தில் இரண்டு தவறான நம்பிக்கைகள் உள. சமைத்தால் அழிந்துவிடும் என்பது ஒன்று. அடுப்பின் வெப்பத்திலே பூஞ்சணம் மாளும். அது முன்னரே சுரந்துவைத்த நஞ்சோ பெரும்பாலும் அப்படியே எஞ்சிநிற்கும். கண்ணாற் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்பது மற்றொன்று. நம் மலைநாட்டுக் குளிரில் பாணிலும் செருப்பிலும் படரும் பூஞ்சணங்களிற் பல அஃபிளாடொக்சினைச் சுரப்பனவல்ல. அந்நஞ்சைத் தரும் பூஞ்சணம் வெப்பத்தை விரும்புவது. வறட்சியால் வாடிய சோளக் கதிரையும் கச்சானையும் வயலிலேயே பற்றிக்கொள்வது. ஈரம் உலராமற் கட்டிவைத்த களஞ்சியத்திலே பெருகுவது. மலைக்கு வரும் மூடையிலே பூஞ்சணத்தின் அடையாளமே இல்லாமற் போயிருக்கலாம். மாவாக அரைத்தபின் எந்தக் கண்ணுக்குத்தான் எது தெரியும்?

வான்கோழிக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேர்ந்ததுண்டு. 1974ஆம் ஆண்டின் இறுதியிலே, மேற்கிந்தியாவில் இராஜஸ்தானின் பான்ஸ்வாடா மாவட்டத்தையும் குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டத்தையும் சேர்ந்த மலைசார் கிராமங்களிற் பலர் காமாலை கண்டு, வயிறு வீங்கி விழுந்தனர். ஹைதராபாத்திலுள்ள தேசிய போசாக்கு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சென்று பார்த்தனர். 397 பேர் நோயுற்றனர் என்றும், அவர்களுள் 106 பேர் இறந்தனர் என்றும் அவர்கள் 1975இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. மனிதரோடு ஒரே உணவைப் பகிர்ந்துண்ட நாய்களும் அவ்வாறே நோயுற்றன. பருவம் தவறிப் பெய்த மழையில் நனைந்த சோளத்தை உலர்த்த வழியின்றிக் கட்டிவைத்ததே காரணம். அம்மக்கள் ஏழைப் பழங்குடியினர். சோளமே அவர்களுக்கு இருவேளை உணவு. பலவகைத் தானியமும் காயும் பாலும் உண்ணும் குடும்பத்தில், ஒரு பண்டத்திலே நஞ்சிருந்தாலும் அது மற்றவற்றோடு கலந்து குறைந்துவிடும். ஒரே தானியத்தை நாள்தோறும் உண்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இதனைத் தோட்டப்புறத்திலே வாழும் நாம் மனத்திற் கொள்ளுதல் நன்று.

நம் நாட்டிலும் இவ்விடயம் புதிதன்று. 1969ஆம் ஆண்டிலேயே பேராதனைப் பல்கலைக்கழகத்து அறிஞர் எஸ். என். அர்சகுலரத்னவும் அவருடைய துணைவர்களும், துருவிய தேங்காயிலே இப்பூஞ்சணத்தை வளர்த்து, அது அஃபிளாடொக்சின் பெருகுவதற்கு மிகச் சிறந்த இடம் என்று காட்டினர். நாள்தோறும் நாம் சம்பலுக்குத் துருவும் தேங்காய்க்கு இப்படியொரு குணம் இருப்பது வியப்பே. (பின்னாளிலே வெளிநாட்டு ஆய்வாளர்கள் தேங்காய் கலந்த வளர்ப்பூடகத்தையே ஒரு சோதனையாக்கிக்கொண்டனர், நஞ்சு சுரக்கும் பூஞ்சணம் அதிலே வளர்ந்தால், கழியூதாக் கதிரிலே சுற்றிலும் நீலமாய் ஒளிரும்.) 2021ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நெருங்கிய வேளையில், இறக்குமதியான தேங்காயெண்ணெய்யிலே அஃபிளாடொக்சின் காணப்பட்டதென்று நாடே கலங்கியதை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவ்வெண்ணெய்யை வந்த வழியே திருப்பியனுப்புமாறு பணிக்கப்பட்டது.

அடுத்த ஆண்டில் நேர்ந்தது நமக்கு இன்னும் அணுக்கமானது. 1973ஆம் ஆண்டு முதல் கர்ப்பிணித் தாய்மாருக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், நிறை குறைந்த குழந்தைகளுக்கும் திரிபோஷ மா வழங்கப்பட்டு வருகின்றது. அதன் முதன்மைப் பொருள்கள் சோளமும் சோயாவும். தோட்டத்துக் கிளினிக்கிலே குடும்பநல உத்தியோகத்தர் கையிலிருந்து அந்தப் பொதியை வாங்காத தாய் இப்பக்கத்தில் அரிதினும் அரிது. 2022ஆம் ஆண்டிலே, அஃபிளாடொக்சின் அளவு பொருந்திய சோளம் கிடையாமையால், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான திரிபோஷ உற்பத்தி தடைப்பட்டது. பொருளாதார நெருக்கடியால் அரிசியும் மாவும் எட்டாத விலைக்கு ஏறிய அதே ஆண்டு அது. குழந்தைக்கு அவ்வுணவு மிக வேண்டியிருந்த காலத்திலேதான் அவ்வுணவு இல்லாதொழிந்தது. நஞ்சு இருப்பது ஒரு கேடு. நஞ்சைக் காலத்தோடு கண்டுபிடியாமையால் நல்லதும் கிடையாமற் போவது மற்றொரு கேடு.

ஏன் காலத்தோடு கண்டுபிடிக்க இயலவில்லை என்று கேட்கலாம். நாம் தேடும் பொருளின் சிறுமையை எண்ணிப் பாருங்கள். ஒரு கிலோகிராம் உணவிலே ஒரு மைக்ரோகிராம் என்பது நூறு கோடியில் ஒரு பங்கு. ஓர் அரிசிமணி 20 மில்லிகிராம் நிறையுடையது எனக் கொண்டால், 50 கிலோகிராம் கொண்ட 400 மூடைகளிலே ஒரே ஒரு மணி! உடனே உண்ணத்தக்க கச்சானிலே பி1 நஞ்சு இத்தகைய இரண்டு பங்குக்கு மேற் போகலாகாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. குழந்தைகளின் தானிய உணவுக்கோ அதனினும் இருபது மடங்கு கடுமையான எல்லை. அஃதாவது ஆயிரங் கோடியில் ஒரு பங்கு.

இத்துணைச் சிறியதைக் காணுதற்கு முதலிலே கிடைத்த அளவுகோல் ஒரு வாத்துக்குஞ்சு. பிறந்து ஒரு நாளேயான குஞ்சுக்கு ஐயத்துக்குரிய பொருளை ஊட்டி, அதன் ஈரலைப் பார்ப்பார்கள். பின்பு கழியூதாக் கதிரிலே ஒளிரும் புள்ளியைக் கொண்டு அளந்தார்கள். இன்று பெரிய ஆய்வுகூடங்களில் உள்ள கருவிகள் நஞ்சை மூலக்கூறு மூலக்கூறாகப் பிரித்துத் திருத்தமாய் அளக்கின்றன. ஆனால் அவை விலை மிக்கவை. இயக்குவதற்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும். மாதிரியை மூடை இருக்கும் ஊரிலிருந்து ஆய்வுகூடம் இருக்கும் நகருக்கு அனுப்பவேண்டும். முடிவு வரும்வரை மூடையும் லொறியும் காத்திருப்பதில்லை.

இங்கேதான் பொன் வருகின்றது. பொன் மஞ்சள் நிறம் என்பதே நம் அனுபவம். ஆனால் பொன்னை மிக மிக நுண்ணிய துணிக்கைகளாக்கி நீரிலே மிதக்கவிட்டால், அந்நீர் மாதுளைமுத்துப்போற் சிவந்து காணும். இதனை ஆராய்ந்து 1857ஆம் ஆண்டிலே இலண்டனில் விரிவாக எடுத்துரைத்தவர் மின்னியலுக்கு அடிகோலிய மைக்கேல் பரடே. அவர் ஆக்கிய சிவப்புப் பொன்னீர்க் குப்பிகள் இலண்டன் றோயல் இன்ஸ்டிடியூசனிலே இன்றும் பேணப்படுகின்றன. அத்துணிக்கையின் அளவை நனோமீற்றரிற் சொல்வர். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் ஒரு பகுதி ஒரு நனோமீற்றர். பரிசோதனைக் கீற்றுகளிற் பயன்படும் பொன் துணிக்கை இருபது முதல் நாற்பது நனோமீற்றர் வரை இருக்கும். நனோ என்னும் சொல் நம் நாட்டுக்கும் புதிதன்று. ஹோமாகமவிலுள்ள இலங்கை நனோ தொழினுட்ப நிறுவனம் 2008ஆம் ஆண்டிலே நிறுவப்பட்டது. பொருள் ஒன்றே ஆயினும் இவ்வளவு சிறிதானால் அதன் நிறமும் குணமும் வேறாகின்றன என்பதே இத்துறையின் அடிப்படை.

கொவிட் பரவிய காலத்திலே, மூக்கிலிருந்து எடுத்த மாதிரியைச் சிறிய தட்டொன்றிற் சொட்டியதும் சிவந்த கோடுகள் தோன்றியதைப் பலர் கண்டிருப்பீர்கள். அச்சிவப்புப் பெரும்பாலும் பரடே கண்ட பொன்னின் சிவப்பே. பூஞ்சண நஞ்சுக்குரிய கீற்றும் அவ்வினத்தைச் சேர்ந்தது. சோளத்தை மாவாக அரைத்து, மெதனோல் அல்லது எதனோல் கலந்த நீரிற் குலுக்கி வடித்தால், நஞ்சு அந்நீருக்கு வந்துவிடும். அதிலே சில துளிகளைக் கீற்றின் முனையிலே விடவேண்டும். பத்து நிமிடத்தளவில் விடை கிடைக்கும்.

உள்ளே நடப்பது யாது? பொன் துணிக்கை ஒவ்வொன்றின்மீதும் ‘பிறபொருளெதிரி’ என்னும் புரதங்கள் ஒட்டப்பட்டுள்ளன. அவை அஃபிளாடொக்சினை மட்டுமே பற்றும் கைகள் என்று கொள்ளுங்கள். கீற்றின் நடுவிலே ஒரு கோட்டில் அதே நஞ்சு மிகச் சிறிதளவு பதித்துவைக்கப்பட்டிருக்கும். வடித்த நீரிலே நஞ்சு இல்லையாயின், வெறுங்கையோடு ஓடிவரும் பொன் துணிக்கைகள் அக்கோட்டிலுள்ள நஞ்சைப் பற்றிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும், கோடு சிவக்கும். நீரிலே நஞ்சு இருந்தாலோ, கைகள் வழியிலேயே நிரம்பிவிடும். கூடை நிறையக் கொழுந்தோடு மடுவத்துக்கு விரையும் பெண் வழியோரச் செடியிலே கை வைப்பாளா? அதுபோலவே அத்துணிக்கைகளும் கோட்டைக் கடந்து போய்விடும், கோடு தோன்றாது. அஃதாவது, கொவிட் கீற்றிலே கோடு தோன்றினால் நோய். இங்கேயோ கோடு மறைந்தால் நஞ்சு. இதனை நன்கு மனத்திற் பதித்துக்கொள்ளவேண்டும். முன்னைய பழக்கத்தால் ஒருவர் தலைகீழாகப் படித்துவிட்டால் நச்சு மூடை உள்ளே போய்விடும். கீற்று பழுதற்றது என்பதைக் காட்ட மேலே இரண்டாவது கோடு ஒன்று எப்போதும் சிவத்தல் வேண்டும். அதுவும் தோன்றாவிடின் அக்கீற்றை எறிந்துவிட்டு வேறொன்றை எடுக்கவேண்டும்.

பொன்னைத் தவிர வேறு நனோப் பொருள்களும் ஆய்வில் உள. அளவுக்கேற்ப வெவ்வேறு நிறத்தில் ஒளிரும் ‘குவாண்டம் புள்ளி’களைக் கண்டவர்களுக்கும் ஆக்கியவர்களுக்கும் 2023ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. அவற்றைக் கொண்டு பொன்னினும் நுட்பமாக நஞ்சைக் காணலாம் என்கின்றனர். ஆயினும் அவற்றுட் பல கட்மியம் என்னும் நச்சு உலோகத்தால் ஆனவை. நஞ்சைக் காண இன்னொரு நஞ்சைக் கிராமத்துக்குக் கொண்டுவருவது எனக்கு உவப்பாயில்லை. ஆய்வேடுகளில் வெற்றிபெற்ற முறைகள் பல. சாக்கு மூடையின் அருகே வந்து உழைப்பவற்றுள் பொற் கீற்றே முன்னிற்கின்றது.

ஆனால் பொற் கீற்றுக்கும் எல்லை உண்டு. வழக்கமான கீற்று நூறு கோடியிற் சில பங்கு என்னும் அளவிலேதான் தெளிவாகப் பேசும். குழந்தை உணவுக்கு ஐரோப்பியர் வகுத்த எல்லை அதனினும் மிகச் சிறிது. ஆதலின் கீற்று வாயிற்காவலன் போன்றது. மிகக் கெட்ட மூடையை வாசலிலேயே நிறுத்தும். உள்ளே வந்ததை ஆய்வுகூடம் மீண்டும் பார்த்தே ஆகவேண்டும்.

இனி, ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நம் பழமொழி. அது சோற்றுக்குப் பொருந்தும். ஏனெனில் பானை முழுவதும் ஒரே நீரில் ஒரே சூட்டில் வேகிறது. பூஞ்சண நஞ்சுக்கோ இப்பழமொழி அறவே பொருந்தாது. ஒரு மூடையிலே பல்லாயிரம் மணிகள் முற்றிலும் தூயனவாயிருக்க, எங்கோ சில மணிகளிலே நஞ்சு முழுதும் செறிந்திருக்கும். மேலிருந்து ஒரு பிடி அள்ளிச் சோதித்தால் அம்மணிகள் கையில் அகப்படாமற் போகவே வாய்ப்பு அதிகம். எனவே பல மூடைகளில், மேலும் நடுவும் அடியுமாகப் பல இடங்களிற் குத்தி எடுத்து, அவற்றை ஒன்றுசேர்த்து, நன்றாக அரைத்துக் கலந்த பின்னரே கீற்றுக்குக் கொடுக்கவேண்டும். இத்துறையிலே நேரும் பிழைகளுட் பெரும் பங்கு கருவியாலன்று, மாதிரி எடுப்பதாலேயே என்பது ஆய்வாளர் கண்ட முடிபு. சாக்குக்குள் ஊசிக்கோலைச் செலுத்தி மாதிரி எடுக்கும் தொழிலாளி, கருவி செய்த விஞ்ஞானிக்கு இளைத்தவனல்லன். அவனுக்கு நல்ல பயிற்சியும் நல்ல சம்பளமும் கொடுக்காமல், கீற்றை மட்டும் பெட்டி பெட்டியாக வாங்கிப் பயனில்லை.

ஆகையினாலே இக்கீற்று எங்கே இருத்தல் வேண்டும்? ஒவ்வொரு தாயின் கையிலும் ஒன்று கொடுத்துவிடலாம் என்று கூறுவாரும் உளர். அரைப்பதும் வடிப்பதும் அளப்பதும் லயன் அறையில் நடக்கக்கூடியவை அல்ல. அன்றியும், காலையிலே கொழுந்தெடுக்கச் சென்று மாலையிலே திரும்புபவளிடம், ‘உன் பிள்ளையின் மாவை நீயே சோதித்துக்கொள்’ என்பது பொறுப்பை அவள் தலையிற் சுமத்துவதாகும். மொனராகலையிலும் அநுராதபுரத்திலும் சோளம் விளைகின்றது. விவசாயியிடமிருந்து அது கைமாறும் முதற் களஞ்சியத்தின் வாசலே கீற்றுக்குரிய இடம். அங்கே மூடை இன்னும் ஒருவருடையது. யாருடைய நிலத்தில் விளைந்தது, எப்போது உலர்த்தியது என்று கேட்கலாம். பத்து நிமிடத்திலே விடை கிடைக்கும் கருவியின் முழுப் பயனும் அவ்விடத்திலேதான். பல மூடைகளோடு கலந்து மாவான பின்னர் அதே கீற்று கேட்டை அறிவிக்குமேயன்றித் தடுக்காது.

அப்போது மற்றொரு கேள்வி எழுகின்றது. அதனை நான் இன்னும் எவரும் போதிய அளவு கேட்கக் கேட்டிலேன். வாசலிலே தள்ளப்பட்ட மூடை எங்கே போகும்? கப்பலில் வந்த எண்ணெய்யைத் திருப்பியனுப்பலாம். உள்ளூர் விவசாயியின் சோளத்தை எங்கே திருப்பியனுப்புவது? ஒரு போகத்து உழைப்பை அவன் எரித்துவிடுவான் என்று எதிர்பார்ப்பது பேதைமை. சோதனை இல்லாத வேறொரு கடைக்கு அது குறைந்த விலைக்குப் போகும். குறைந்த விலைப் பண்டம் யாரைத் தேடி வருமென்பது தோட்டப்புறத்துச் சந்தையைக் கண்டவர்களுக்குத் தெரியும். தள்ளிய மூடையை அரசே ஒரு விலை கொடுத்து வாங்கி உணவுப் பாதையிலிருந்து அகற்றினாலன்றி, கீற்று நஞ்சை அழிப்பதில்லை. இருப்பவர் தட்டிலிருந்து இல்லாதவர் தட்டுக்கு மாற்றுகின்றது. அதனினும் மலிவானது, விளையுமிடத்திலே உலர்களமும் உலர்த்தும் பொறியும் அமைத்து, சோளத்தின் ஈரத்தை நூற்றுக்குப் பதின்மூன்று பங்குக்குள் கொண்டுவருதல். உலர்ந்த மணியிலே பூஞ்சணம் பெருகாது.

இவை நடக்குமளவும் நம் வீடுகளிற் செய்யக்கூடியவை சில உண்டு. அரிசியையும் மாவையும் வெறுந்தரையில் வையாது பலகையின்மேல், சுவரைத் தொடாமல் வையுங்கள். சுருங்கிய, நிறம் மாறிய, கைக்கின்ற கச்சானைப் பிள்ளைகள் வாயிற் போட்டால் துப்பச் சொல்லுங்கள். செத்தல் மிளகாயை மொத்தமாய் வாங்கி ஈரக் காலத்திலே கட்டிவைக்காதீர்கள். பூஞ்சணம் பிடித்த மாவையும் புண்ணாக்கையும் பசுவுக்கு இடும் வழக்கத்தையும் விட்டொழியுங்கள். பசுவின் உடலிலே பி1 நஞ்சு எம்1 என்னும் வேறொரு வடிவம் பெற்றுப் பாலிலே சுரக்கின்றது. காய்ச்சினாலும் அது போவதில்லை. நாம் உண்ண அஞ்சிப் பசுவுக்கு இட்டது, மறுநாட் காலையிலே குழந்தையின் கிண்ணத்துக்கு வந்துவிடும்.

திரிபோஷவைப் பற்றி ஒரு வார்த்தை. 2022ஆம் ஆண்டுச் செய்திகளை நினைத்து அதனை இன்றும் வாங்க அஞ்சும் தாய்மார் இருக்கலாம். நிறை குறைந்த பிள்ளைக்கு உணவின்மை நாள்தோறும் செய்யும் கேடு கண்கூடானது. அச்சத்தால் அப்பொதியை ஒதுக்கிவிடாதீர்கள். பொதியிலுள்ள திகதியைப் பாருங்கள். பிரித்தபின் இறுக மூடும் தகரப் பேணியிலே, அடுப்பு நீராவி படாத இடத்தில் வையுங்கள். நனைந்த கரண்டியை உள்ளே விடாதீர்கள். கட்டி பிடித்தோ நாற்றம் மாறியோ இருந்தால், எறிந்துவிடாமலும் கோழிக்கு இடாமலும், பொதியோடு எடுத்துச் சென்று உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். அப்பொதியின் மேலுள்ள இலக்கத்தைக் கொண்டே அது எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையிலே தேட இயலும்.